கபின் ஹீற்றர் வெதுவெதுப்பாகத்தான் ஊதுகிறது, ரேடியேற்றரை மாற்ற வேண்டுமா?

நோர்வேயின் பேர்கனில் இருந்து ஒரு தம்பியின் கேள்வி. 2024 பெப்ரவரி 3, சனி

போன ஒக்ரோபரில் 25 அடிப் பழைய படகு ஒன்று வாங்கினேன். உள்ளே டீசல் எஞ்சின், அதன் சுடுதண்ணீரில் வேலை செய்யும் கபின் ஹீற்றர். காற்றாடி நன்றாகச் சுற்றுகிறது, காற்றும் வருகிறது. ஆனால் அரை மணித்தியாலம் ஓடினாலும் வெதுவெதுப்புத்தான். முன் கண்ணாடியில் புகார் பிடித்து வழி தெரியவில்லை. ஹீற்றருக்குள் இருக்கும் சின்ன ரேடியேற்றர் அடைத்திருக்கும் என்று நினைக்கிறேன். புதிது வாங்கிப் போடவா?

பெப்ரவரி 3, இரவு

வாங்க வேண்டாம். இப்போதைக்கு ஒரு சாமானும் வாங்க வேண்டாம். நான் ஓலசுண்டில் இருக்கிறேன், என்னிடம் இருப்பதும் 24 அடி ஸ்னெக்கே (நோர்வேயின் பழைய பாணிச் சின்னப் படகு), 29 குதிரைவலு டீசல், அதே மாதிரி 4 கிலோவாற் ஹீற்றர். என்னுடையதும் இரண்டு குளிர்காலமாக ஒழுங்காகச் சூடு தரவில்லை, படகு என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன். உங்கள் கேள்வியைப் பார்த்த பிறகு இந்த வருசம் விடுவதில்லை என்று முடிவு எடுத்திருக்கிறேன்.

முதலில் இதைச் செய்யுங்கள். எஞ்சினை இருபது நிமிசம் ஓட்டிவிட்டு, ஹீற்றருக்குப் போகும் ஹோஸையும் அதில் இருந்து திரும்பி வரும் ஹோஸையும் கையால் பிடித்துப் பாருங்கள். போவது நல்ல சூடு, வருவது குளிர் என்றால் தண்ணீர் ஓடவில்லை: காற்று அடைத்திருக்கும், அல்லது ஏதோ இடத்தில் ஹோஸ் மடிந்திருக்கும், அல்லது நீங்கள் சொல்வது போல ரேடியேற்றர் அடைத்திருக்கும். இரண்டும் வெதுவெதுப்பு என்றால் எஞ்சினே சூடாகவில்லை, ஹீற்றரில் பிழை இல்லை. இரண்டும் கை வைக்க முடியாத சூடு என்றால் தண்ணீர்ப் பக்கம் சரி, காற்றுப் பக்கத்தைப் பார்க்க வேண்டும்.

பெப்ரவரி 4, விடிய

நேற்று எழுதியதில் இரண்டு திருத்தம். கையால் பிடிக்கச் சொன்னேன், எஞ்சினை நிற்பாட்டிவிட்டுப் பிடியுங்கள் என்று சொல்லவில்லை. ஓடும் எஞ்சினுக்குப் பக்கத்தில் பெல்ற் சுற்றிக்கொண்டிருக்கும், ஜக்கெற்றின் கை நுனி மாட்டினால் கதை முடிந்தது. நிற்பாட்டிவிட்டுப் பிடியுங்கள், சூடு ஐந்து நிமிசத்தில் ஓடிப்போகாது. கையை விட வெப்பம் பார்க்கும் துப்பாக்கி நல்லது, ஆனால் மினுங்கும் உலோகத்தில் அது பொய் சொல்லும். அந்த இடத்தில் கறுப்பு இன்சுலேசன் ரேப் ஒரு துண்டு ஒட்டி அதில் பிடியுங்கள். ரப்பர் ஹோஸில் நேரடியாகப் பிடிக்கலாம், உள்ளே ஓடும் தண்ணீரை விடச் சில பாகை குறைவாகக் காட்டும், அவ்வளவுதான்.

இரண்டாவது, இறங்குதுறையில் கட்டி வைத்துச் சும்மா ஓடவிட்டு அளக்க வேண்டாம். பாரம் இல்லாமல் ஓடும் டீசல் எஞ்சின் குளிர்காலத்தில் சூடாகவே மாட்டாது, எரிகிற எண்ணெயே கொஞ்சம். வெளியே கொண்டுபோய் பயண வேகத்தில் இருபது நிமிசம் ஓட்டிய பிறகு பாருங்கள்.

பெப்ரவரி 6

தம்பி அளந்திருக்கிறார்: போவது 44 பாகை, வருவது 38. இது நான் சொன்ன இரண்டாவது வகை. ரேடியேற்றர் அடைத்திருந்தால் வருகிற ஹோஸ் இப்படி இருக்காது. அதற்குக் கொடுப்பதே 44 பாகைத் தண்ணீர், அது என்ன செய்யும்?

முதல் சந்தேகம் தேர்மோஸ்ராற், எஞ்சின் தண்ணீர் சூடாகும் வரை மூடியிருந்து பிறகு திறக்கும் வால்வு. அது திறந்தபடியே இறுகியிருந்தால், எஞ்சின் தண்ணீர் தொடக்கத்தில் இருந்தே வெப்பமாற்றியைச் சுற்றி வரும், மறுபக்கம் 5 பாகைக் கடல்நீர் ஓடுகிறது, பிறகு எப்படிச் சூடாகும். ஆனால் அதற்கு முன் ஒரு கேள்வி: உங்கள் எஞ்சின் நன்னீரில் குளிர்கிறதா, நேரே கடல்நீரிலா? கூலன்ற் (எஞ்சினுக்குள்ளேயே சுற்றும் குளிர்விக்கும் கலவை) ஊற்றும் தொட்டி இருந்தால் நன்னீர். அப்படித் தொட்டி இல்லாமல் கடல்நீரையே எஞ்சினுக்குள் ஓட்டும் பழைய வகை என்றால், அதில் 60 பாகை அளவில் திறக்கும் தேர்மோஸ்ராற்தான் போட்டிருப்பார்கள், வேண்டுமென்றே. அதற்கு மேல் சூடானால் கடல்நீரில் உள்ளது எல்லாம் உள்ளே கல்லாகப் படியத் தொடங்கும். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்த கேத்திலின் அடியைப் பார்த்தவர்களுக்கு இது சொல்லத் தேவையில்லை. நன்னீர் எஞ்சின்களில் 75, 80 பாகைக்குப் போகலாம். ஹீற்றருக்கு அந்த வித்தியாசம் பெரிது.

தேர்மோஸ்ராற்றைக் கழற்றினால் குசினியில் சோதிக்கலாம். பழைய சட்டி ஒன்றில் தண்ணீர் வைத்து, நூலில் கட்டித் தொங்கவிடுங்கள், அடியில் முட்டக் கூடாது. சமையல் வெப்பமானி ஒன்று பக்கத்தில். அதன் உடம்பிலேயே எத்தனை பாகையில் திறக்கும் என்று குத்தியிருக்கும். குளிர் தண்ணீரிலேயே வாய் திறந்திருந்தால் ஆள் முடிந்தது. சட்டியை மறுபடி சமையலுக்கு எடுக்க வேண்டாம், கூலன்ற்றில் இருக்கும் கிளைக்கோல் நஞ்சு.

பெப்ரவரி 6, பின்னேரம்

நன்னீர்தானாம், தொட்டி இருக்கிறதாம். சரி, தேர்மோஸ்ராற்தான் பார்க்க வேண்டும். எஞ்சின் வடிவாக ஆறின பிறகு மட்டும் மூடியைத் திறவுங்கள்.

பெப்ரவரி 10, சனி

இன்று என்னுடைய படகு. ஹெஸ்ஸாத் தீவைச் சுற்றி வந்து அளந்தேன். போவது 78, வருவது 31. தம்பியுடையதற்கு நேர் எதிர். எஞ்சின் நல்ல சூடு, ஆனால் தண்ணீர் ஹீற்றருக்குள் போய்த் தூங்கித் தூங்கித் திரும்புகிறது.

காற்று என்று நினைத்தேன். என் ஹீற்றர் முன் கண்ணாடிக்குக் கீழே, எஞ்சினை விட ஒரு சாண் உயரத்தில் இருக்கிறது. காற்று மேலேதான் போய் இருக்கும். எஞ்சின் ஆறின பிறகு, ஹீற்றரின் மேல் குழாயில் இருந்த கிளிப்பைத் தளர்த்தி, ஹோஸை அரை அங்குலம் இழுத்து, கீழே துணி பிடித்துக்கொண்டு மகளைத் தொட்டியில் மெல்ல மெல்ல கூலன்ற் ஊற்றச் சொன்னேன். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு நெஞ்சுச்சளி இருமின மாதிரி ஒரு சத்தம், பச்சை நுரை, மறுபடி சத்தம், நுரை, பிறகு நுரை இல்லாத பச்சைத் தண்ணீர் விரலில் வழிந்தது. கிளிப்பை இறுக்கினேன். தொட்டி கிட்டத்தட்ட முக்கால் லீற்றர் குடித்துவிட்டது.

மறுபடி ஒரு ஓட்டம்: போவது 78, வருவது 48. காற்றில் வித்தியாசம் தெரிந்தது. பிரச்சினை காற்றுத்தான், தீர்ந்தது.

பெப்ரவரி 11, ஞாயிறு

தீரவில்லை. இன்று 78, 33. நேற்று எழுதினதை அழிக்காமல் விடுகிறேன், ஒரு நாள் சரியாக இருந்ததை வைத்து முடிவு சொல்லிவிட்டேன் என்பதும் தெரிய வேண்டும்.

இனி இரண்டு கேள்வி. காற்று எங்கே இருந்து வருகிறது? கூலன்ற் குறைகிறதா? தொட்டியில் அளவு நேற்று விட்ட இடத்திலேயே நிற்கிறது. வெளியே ஒழுக்கு இல்லை. ஹீற்றரின் ரேடியேற்றர் ஒழுகினால் கபினில் இனிப்பான ஒரு மணம் வரும், முன் கண்ணாடியில் துடைக்கத் துடைக்கப் போகாத பிசுபிசுப்பு ஏறும், அதுவும் இல்லை. அப்படியென்றால் புதிதாகக் காற்று வரவில்லை, நேற்று எடுபடாமல் விட்ட கொஞ்சம் திரும்ப ஒரே இடத்தில் சேருகிறது. ஏன் சேருகிறது, அடித்துக்கொண்டு போக வேண்டியதல்லவா?

பெப்ரவரி 14

வேலை முடிந்து வந்து ரோர்ச்சோடு ஹோஸின் வழியைத் தேடினேன். தரைப் பலகை கழற்றினதில் முழங்கால் இரண்டும் போய்விட்டது. எஞ்சினில் இருந்து வெளிக்கிடும் 16 மில்லிமீற்றர் ஹோஸ் ஒரு மீற்றர் தள்ளி ஒரு T-யில் பிரிகிறது. ஒரு கிளை ஹீற்றருக்கு, நாலு மீற்றர், ஒரு சுவரின் மேலால் ஏறி இறங்குகிறது. மற்றக் கிளை படுக்கைக்குக் கீழே இருக்கும் சுடுதண்ணீர்த் தாங்கிக்கு, அரை மீற்றர்கூட இல்லை. திரும்பும் பக்கமும் அப்படியே T-யில் சேருகிறது. எனக்கு முன்னால் வைத்திருந்தவர் யாரோ தாங்கியைப் பிறகு சேர்த்திருக்கிறார்.

பெப்ரவரி 17, சனி. இதுதான் காரணம்

தண்ணீர் சுலபமான வழியில் போகும், வாய்க்கால் கட்டித் தோட்டம் இறைத்தவனுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. பள்ளத்துப் பாத்தியின் வரம்பை வெட்டிவிட்டால் மேட்டுப் பாத்தி காயும். என் படகில் தாங்கி பள்ளத்துப் பாத்தி. பம்ப் தள்ளுகிற தண்ணீர் எல்லாம் அந்த அரை மீற்றரால் போய்த் திரும்ப, ஹீற்றருக்கு மிச்சம் வந்தது ஊறல்.

சந்தேகம் தீர அளந்தேன். எஞ்சின் குளிராக இருக்கும்போது ஹீற்றரில் இருந்து திரும்பும் ஹோஸைக் கழற்றி அளவுச் சாடிக்குள் விட்டு, மகள் ஒரு நிமிசம் எஞ்சினை ஓட்டினாள். 0.4 லீற்றர். பிறகு T-க்களைக் கழற்றி, ஒன்றன் பின் ஒன்றாகத் தொடுத்தேன்: எஞ்சின், ஹீற்றர், தாங்கி, எஞ்சின். மறுபடி ஒரு நிமிசம். சாடி நிரம்பி வாளிக்கு மாற்ற வேண்டி வந்தது, 6 லீற்றருக்குக் கிட்ட.

கணக்குப் பார்க்கப் பிடித்தவர்களுக்கு: பாதிக்குப் பாதி கலந்த கூலன்ற் ஒரு லீற்றர் ஒரு பாகை ஆறினால் ஏறக்குறைய 3.6 கிலோயூல் தரும். முன்பு நிமிசத்துக்கு 0.4 லீற்றர், 47 பாகை இறக்கம், அதாவது 1.1 கிலோவாற். இப்போது கடலில் அளந்தது: போவது 77, வருவது 66. 11 பாகைதான் இறங்குகிறது, ஆனால் 6 லீற்றர், ஆகவே 4 கிலோவாற்றுக்குக் கிட்ட. ஹீற்றரின் உடம்பில் எழுதியிருப்பதும் அதுதான். திரும்பும் ஹோஸ் சூடாக வந்தால் சூடு வீணாகிறது என்று துறையில் ஒருவர் என்னோடு வாதாடினார், இல்லை, அது சூடாக வந்தால்தான் ரேடியேற்றர் முழுவதும் சூடு.

காற்றுக் கதையையும் திருத்த வேண்டும். காற்று காரணம் இல்லை, விளைவு. ஓட்டம் மெதுவாக இருந்தபடியால் குமிழி சுவரின் மேல் வளைவில் தங்கியது, தங்கின குமிழி ஓட்டத்தை இன்னும் குறைத்தது. இப்போது ஓட்டம் அதை அடித்துக்கொண்டு தொட்டிக்குக் கொண்டுபோய் விடுகிறது. ஆறு நாள் நான் தவறான இடத்தில் நின்றிருக்கிறேன்.

தாங்கியை ஏன் இரண்டாவதாக வைத்தேன் என்று ஒருவர் கேட்டார். தாங்கி குளிராக இருக்கும் முதல் அரை மணித்தியாலம் அது வாற சூடு எல்லாவற்றையும் விழுங்கும். பாத்திரம் கழுவச் சுடுதண்ணீர் பிந்தி வந்தாலும் பரவாயில்லை, கண்ணாடி முதலில் தெரிய வேண்டும்.

பெப்ரவரி 18

காற்றுப் பக்கம். எஞ்சின் ஓடும்போது பற்றரியில் 13.8 வோல்ற், காற்றாடியின் வயரில் 11.6. இரண்டு வோல்ற்றுக்கு மேல் வழியில் தொலைகிறது. காற்றாடி முழு வேகத்தில் 8 அம்பியர் எடுக்கிறது, வயர் 1.5 சதுர மில்லிமீற்றர், போக வரப் பத்து மீற்றர், அதிலேயே ஒரு வோல்ற்றுக்குக் கிட்டப் போய்விடும். மிச்சம் ஒரு இணைப்பில் இருந்தது, உறையைக் கழற்றினால் செம்பு முழுவதும் பச்சைப் பூ. 4 சதுர மில்லிமீற்றர் வெள்ளீயம் பூசின வயர் இழுத்தேன். இப்போது 13.3.

பெப்ரவரி 24, சனி. தம்பி, இதை இன்றைக்கே பாருங்கள்

வயர் இழுக்கும்போது ஹீற்றர்ப் பெட்டியின் பின்பக்கத்தைப் பார்த்தேன். அது காற்று எடுக்கும் குழாய் பிளந்து, வாய் எஞ்சின் அறைக்குள் திறந்திருந்தது. எஞ்சின் அறைக் காற்றை இழுத்துத்தான் இரண்டு குளிர்காலம் நாங்கள் இருந்த கபினுக்குள் ஊதியிருக்கிறது. மனைவி எத்தனையோ தரம் டீசல் மணக்கிறது என்று சொல்லியிருக்கிறார், உடுப்பில் பட்டிருக்கும் என்று நான் சொன்னேன். அவர் சொன்னது சரி.

புகைக்குழாயில் ஒரு மயிரளவு வெடிப்பு வந்தால் அந்த வழியால் காபன் மொனொக்சைட் நேரே கபினுக்கு வந்திருக்கும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலையிடி, நித்திரை, சத்தி, பிறகு எழும்ப முடியாது. டீசலில் பெற்றோலை விடக் குறைவு என்பது உண்மை, இல்லை என்பது உண்மை இல்லை. பெற்றோல் எஞ்சின் வைத்திருப்பவர்கள் இதை வாசித்தால் நாளைக்கு விடிய முதல் வேலை இதுவாக இருக்கட்டும். மகளின் தலையணை அந்தக் காற்று வரும் வாயில் இருந்து இரண்டடி. இரவு நித்திரை வரவில்லை.

குழாயை வெட்டிப் புதிதாகப் போட்டுக் கபினுக்குள் இருந்து காற்று எடுக்கும்படி செய்துவிட்டேன். காபன் மொனொக்சைட் அலாரமும் ஒன்று, படுக்கும் உயரத்தில்.

இதில் ஒரு இலாபமும் உண்டு: வெளியே 2 பாகைக் காற்றை எடுத்துச் சூடாக்குவதை விட, ஏற்கெனவே 15 பாகையில் இருக்கும் கபின் காற்றைத் திரும்பச் சூடாக்கினால் வாயில் நல்ல சூடு வரும். ஆனால் அதே காற்று சுற்றினால் எங்கள் மூச்சும் ஈர உடுப்பும் கண்ணாடியில் வந்து நிற்கும், யன்னல் ஒன்றை ஒரு விரல் அகலம் திறந்து வைக்க வேண்டும்.

மார்ச் 2

பேர்கன் தம்பியின் செய்தி. தேர்மோஸ்ராற் திறந்தபடி இறுகவில்லை. கூட்டைக் கழற்றினால் உள்ளே தேர்மோஸ்ராற்றே இல்லை. ஆரோ எடுத்துவிட்டு மூடியை மட்டும் பூட்டியிருக்கிறார்கள்.

புதிது போட முதல் ஒன்றை யோசியுங்கள். தேர்மோஸ்ராற்றை ஒருவர் சும்மா கழற்றி எறிவதில்லை. எஞ்சின் அதிகம் சூடாகியிருக்கும், காரணத்தைத் தேடாமல் இதை எடுத்திருப்பார், குளிர்ந்த கடல் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. நீங்கள் அதைத் திரும்பப் போட்டதும் பழைய நோய் வெளியே வரலாம். கடல்நீர்ப் பம்புக்குள் சுற்றும் ரப்பர் இறகுச் சக்கரத்தை, அதாவது இம்பெல்லரைக் கழற்றி இறகு எல்லாம் இருக்கிறதா என்று எண்ணுங்கள். உடைந்த இறகு இருந்தால் அந்தத் துண்டு வெப்பமாற்றியின் வாயில் போய் நிற்கும். முதல் ஓட்டம் துறைக்குக் கிட்ட, கண் வெப்பமானியில்.

மார்ச் 5

அப்படியே நடந்திருக்கிறது. பத்து நிமிசத்தில் முள் 95-ஐத் தாண்ட, தம்பி உடனே நிற்பாட்டிக் கயிறு கட்டி இழுத்து வந்திருக்கிறார். வெப்பமாற்றியின் மூடியைக் கழற்றினால் மூன்று ரப்பர் இறகு, சிப்பித் தூள், வெள்ளைக் கல். குழாய்களில் பாதிக்கு மேல் மூடியிருந்ததாம். இம்பெல்லரில் எல்லா இறகும் இருக்கிறது, ஆகவே இந்தத் துண்டுகள் அதற்கு முதல் இருந்த இம்பெல்லருடையவை. பித்தளைக் கம்பியால் குத்த வேண்டாம் என்று எழுதினேன், மெல்லிய மரக்குச்சி போதும், கல்லுக்குக் கரைக்கும் அமிலம், பிறகு நிறையத் தண்ணீர்.

மார்ச் 9

தம்பி: முள் 80-இல் நிற்கிறது. போவது 76, வருவது 63. அவர் மாற்றப் போன ரேடியேற்றர் அப்படியே இருக்கிறது, அதில் ஒரு குறையும் இல்லை. காற்று எடுக்கும் குழாயையும் பார்த்துவிட்டாராம், கபினுக்குள்தான் திறக்கிறது. எனக்கு அதுதான் நிம்மதி.

மார்ச் 10, ஞாயிறு

ஓலசுண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் போர்குண்ட் பியோர்ட்டில் (நீண்ட கடற்கழி) முட்டையிட வரும் கொட் மீனுக்கு இந்த மாதம் படகு எல்லாம் கூடி நிற்கும், நாங்களும் போனோம். வெளியே 1 பாகை, ஈரப்பனி. பத்தாவது நிமிசம் கண்ணாடியின் கீழ் விளிம்பில் இருந்து ஒரு வில் மாதிரித் தெளிவு ஏறி வந்து, கால் மணித்தியாலத்தில் மேல் விளிம்பைத் தொட்டது. மகள் நனைந்த கையுறையைக் காற்று வாயில் கவிழ்த்து வைத்தாள், ஐந்து விரலும் ஊதி நிமிர்ந்து நின்றன. மனைவி ஜக்கெற்றைக் கழற்றினார், இந்தப் படகில் மார்ச் மாதத்தில் இது முதல் தரம். மணம் ஏதும் இருக்கிறதா என்று கேட்டேன். மீன் மட்டும்தான் என்றார்.

மிச்சம் இருப்பது ஒன்று: சுவருக்குப் பின்னால் போகும் ஹோஸ் வெறும் ஹோஸாகக் கப்பலடியின் குளிரில் கிடக்கிறது, அதில் இரண்டு மூன்று பாகை போகிறது. நுரை உறை 9 மீற்றர் வேண்டும், அளந்துவிட்டேன், அடுத்த சனி போடுகிறேன்.